பள்ளி நர்ஸுக்குக் கை மறந்துபோகுமா?

"மேடம், ஸ்கூல்ல நாலு வருஷம் இருந்துட்டேன். இனிமே எந்த ஆஸ்பத்திரியிலயும் எடுக்க மாட்டாங்களாமே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்பவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. ஜிஎன்எம்மோ பிஎஸ்சி நர்சிங்கோ முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்கள். யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டால் "எல்லாரும் சொல்றாங்க மேடம்" என்பார்கள். கொஞ்சம் குடைந்தால் அந்த எல்லாரும் ஒரு ஹாஸ்டல் தோழி, ஒரு வாட்ஸப் குழு, ஒரு நாத்தனார் என்று சுருங்கிவிடுவார்கள். மருந்தின் அளவை மூன்று முறை சரிபார்க்கப் பழகிய பெண்கள், தங்கள் பிழைப்பைப் பற்றிய செய்தியை ஒருமுறைகூடச் சரிபார்க்காதது எனக்குப் புரியவே இல்லை.

வதந்தி மூன்று துண்டாக வருகிறது. கவுன்சில் பதிவு போய்விடும், கை மறந்துவிடும், 'சிக் ரூம் சிஸ்டர்' என்று தெரிந்ததுமே இன்டர்வியூவில் கழித்துவிடுவார்கள்.

பதிவு விஷயத்தில் பேச அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. நீங்கள் எந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று பார்த்து அது பெயரை அடிப்பதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால்தான் சிக்கல். புதுப்பிக்கும்போது தொடர்கல்வி மணிநேரம் காட்ட வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு ஐந்தாண்டுக்கு 150 மணி நேரம். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு வகுப்புகள் காலடிக்கே வரும். பள்ளியில் இருப்பவர் தேடிப் போக வேண்டும். வித்தியாசம் இவ்வளவுதான்.

கை மறந்துபோகும் என்பதுதான் எனக்குக் கோபம் மூட்டுவது. எல்லாரும் பயப்படுவது வென்ஃப்ளான் போடுவதற்கு, அதையே எடுத்துக்கொள்வோம். டூர்னிகே கட்டி, புறங்கையை விரலால் தடவி, அமுக்கினால் திரும்ப எழும்புகிற வெயினைத் தேடுகிறோம். ஊசிமுனையின் சாய்வு மேலே இருக்க, தாழ்ந்த கோணத்தில் நுழைக்கிறோம். சேம்பரில் ரத்தம் தெரிந்ததும் இன்னும் தாழ்த்தி, ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி, ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு கேனுலாவை மட்டும் நகர்த்துகிறோம். நாலு வருஷம் கழித்துப் போடுபவருக்கு எங்கே தவறும் தெரியுமா? ரத்தத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கோணத்தைத் தாழ்த்த மறந்து நேரே தள்ளுவார். வெயினின் பின்சுவர் கிழிந்து வீங்கிக்கொள்ளும். பயிற்சிக் கையில் சில தடவை, சீனியர் பக்கத்தில் நிற்க நோயாளிகளிடம் சில தடவை போட்டால் விரல் தானாகப் பழையபடி போகும். வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பல காலம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், திரும்பி வந்தவர்களில் வென்ஃப்ளானால் வேலையை விட்டுப் போன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. கை மறப்பது பள்ளி நர்ஸுக்கு மட்டும் வருகிற வியாதியா? இதயம் நின்றவருக்குச் செய்யும் சிபிஆர் பயிற்சிக்கு அமெரிக்க இதயச் சங்கம் தருகிற சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். ஆனால் வகுப்பு முடிந்த சில மாதங்களிலேயே அந்தத் திறமை மங்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தினமும் வார்டில் நிற்பவர்களுக்கும் இதே கதிதான். செய்யாத வேலை எல்லாருக்கும் மறக்கும், செய்தால் திரும்ப வரும். தரச்சான்று பெற்ற மருத்துவமனை எதுவானாலும் எங்கிருந்து வந்த நர்ஸாக இருந்தாலும் அறிமுகப் பயிற்சி கொடுத்து, திறமையைச் சோதித்த பிறகே தனியாக விட வேண்டும். சேர்ந்த முதல் நாளே முழு வார்டையும் உங்கள் தலையில் கட்டுகிறார்களா? பழி உங்கள் நாலு வருஷப் பள்ளி வேலை மேல் இல்லை, அந்த ஆஸ்பத்திரி மேல். வெளியே வாருங்கள்.

பள்ளியில் இருந்தவருக்கு என்ன கூடுதலாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பி.டி. வகுப்பிலிருந்து ஒரு எட்டாம் வகுப்புப் பையனைக் கூட்டி வருகிறார்கள். "ஓடச் சொன்னா நடிக்கிறான் சிஸ்டர்" என்கிறார் மாஸ்டர். நர்ஸ் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்கு உள்ளே குழிகிறது. பெயரும் வகுப்பும் கேட்டால் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறான். முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணி, ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் கொடுத்து, மறுபக்கம் அப்பாவுக்கு போன் போடச் சொல்கிறார். மானிட்டர் இல்லை, டியூட்டி டாக்டர் இல்லை, "சிஸ்டர், கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட இன்சார்ஜும் இல்லை. முடிவு அவருடையது மட்டுமே.

நோயாளி மோசமாகப் போவதை முன்கூட்டியே பிடிக்க, இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் ஓர் எச்சரிக்கை மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்தது. அதில் முதல் வரியே மூச்சு எண்ணிக்கைதான். நம் வார்டுகளில் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், அத்தனை நோயாளிகளும் ஒரே தாளத்தில் நிமிடத்துக்கு 20 தடவை மூச்சு விடுவார்கள்! எண்ணாமல் எழுதுகிற எண் அது. எண்ணிப் பார்க்கும் பழக்கத்தோடு வருகிற பள்ளி நர்ஸைக் கழித்துக்கட்டும் மேட்ரனுக்கு ஆள் எடுக்கத் தெரியவில்லை என்பதுதான் என் கருத்து. இன்டர்வியூவில் தலையைக் குனிந்துகொண்டு "ஸ்கூல்லதான் மேடம் இருந்தேன்" என்று சொல்லாதீர்கள். எத்தனை ஆஸ்துமா, எத்தனை வலிப்பு பார்த்தீர்கள், இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போனபோது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கஷ்டமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. சிக் ரூமில் பெரும்பாலும் ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை. வார்டில் ஒருவருக்கு டிரிப் முடிகிறது, ஒருவரைத் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும், மூன்றாமவரின் மகள் வாசலில் சண்டை போடுகிறாள், எல்லாம் ஒரே நிமிடத்தில். எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் திரும்பப் பழக நாளாகும். இன்ஃப்யூஷன் பம்ப், பொட்டாசியம், ஹெப்பாரின் போன்ற ஆபத்தான மருந்துகள், ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்ட்ஓவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 மில்லி, 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 21 என்று வந்தால் பிழைத்தீர்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்க மாட்டேன். 'ஆஸ்பத்திரியில் சம்பளம் அள்ளிக் கொடுப்பார்கள்' என்பது ஒன்று. உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே பரிந்துரைத்தது. எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள் என்று நீங்களே விசாரியுங்கள். பள்ளியில் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகையையும் கோடை விடுமுறையையும் சேர்த்துக் கூட்டிக் கழித்த பிறகு முடிவெடுங்கள். 'கேட்டால் நைட் டியூட்டி போட மாட்டார்கள்' என்பது இன்னொன்று. போடுவார்கள். 'வெளிநாடு போகப் பள்ளி அனுபவமே போதும்' என்பதும் தவறு. வளைகுடாவுக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை அனுபவம்தான் கேட்கிறார்கள். கடல் தாண்டுவதற்கான அந்த நிபந்தனையை உள்ளூர் வேலைக்கும் பொருத்திப் பேசிப் பேசியே முதல் வதந்தி வளர்ந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். 'பள்ளி வேலை ஓய்வு வேலை' என்பவர்களுக்குப் பதிலே சொல்லப் போவதில்லை. ஒரு பிள்ளையின் உடம்பில் சந்தேகமான காயத்தைப் பார்த்துவிட்டு, 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டிய நிலையில், நிர்வாகத்தின் முகத்துக்கு முன் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

சேருமுன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது தெரிந்தது. இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்கிற இடத்தின் வாசல்படியையே மிதிக்க வேண்டாம். பிரின்சிபாலோடு மனஸ்தாபம் என்பதற்காக மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் வேறு பள்ளிக்குப் போகலாம். ஆஸ்பத்திரியிலும் அந்தக் குணத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

தலைப்புக்கு வெளியே என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1902-ல் நியூயார்க்கில் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் பயின்றவர் அவர். கண்நோய், சொறி, சிரங்கு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்து, மருந்து போட்டு, வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். நோயால் விலக்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் சுமார் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. நம் அரசுப் பள்ளிகளுக்கு 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டக் குழு வருகிறது, திட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறை. பையனுக்கு மூச்சு முட்டுவது அந்த ஒரு நாளைப் பார்த்தா வரும்? கட்டணம் வாங்கும் பள்ளிகளிலோ, இருக்கிற நர்ஸ் போனதும் அந்த நாற்காலியில் ஓர் ஆயாவையோ ஆபீஸ் பெண்ணையோ உட்காரவைத்துச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆகவே போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்து எழுதி, பெற்றோர் சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்: "என் இடத்தில் கவுன்சிலில் பதிவுபெற்ற நர்ஸையே நியமிக்க வேண்டுகிறேன்."