பவளக்காரத் தெருவும் யூத வர்த்தகரும்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் முதலிய ஊர்களினின்று பட்டணத்துக்குச் சென்று மீள்கின்ற நம் மாணவருட் பலர் பாரிமுனையை நன்கறிவர். அதற்கு வடக்கே, முத்தியாலுப்பேட்டையில், பவளக்காரத் தெரு என்றொரு தெரு உளது. முத்தை நினைப்பூட்டும் பேட்டைக்குள்ளே பவளத்தின் பெயரால் ஒரு தெரு வழங்குதல் கேட்டற்கு இனிதாயிருக்கின்றது. ஆயின் அப்பெயர் வெறும் அழகு பற்றி எழுந்ததன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வந்து தங்கிப் பவளம் விற்று வயிரம் கொண்ட யூத வர்த்தகர் அதற்குக் காரணர் என்பர்.

இவர்கள் எங்கிருந்து வந்தனர்? 1492-ல் ஸ்பெயின் தேசம் தன் யூதக் குடிகளைத் துரத்திற்று. 1497-ல் போர்த்துகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றிற்று. அவ்வாறு அலைக்கழிந்தவருடைய வழித்தோன்றல்கள் ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ முதலிய துறைமுகப் பட்டினங்களிற் குடியேறினர்; 1656 முதல் லண்டனிலும் அவர்கட்கு இடங் கிடைத்தது. ஊரை இழந்தும் போர்த்துகீசியப் பெயர்களை மட்டும் அவர்கள் இழந்திலர். ஆகவே பழைய சென்னைக் கணக்குகளில் ரோட்ரிகஸ், பொன்சேகா என்னும் பெயர்களைக் காண்போர் அவர்களை யூதரென்று எளிதில் அறியமாட்டார்.

வியாபாரத்தின் முறை வியக்கத்தக்கது. நம் கடல் முத்தும் சங்கும் தரும்; நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளத்தைத் தராது. அது மத்தியதரைக் கடலிற் பிறப்பது. லிவோர்னோவில் மணிகளாகக் கடைந்த பவளம் லண்டன் சேர்ந்து, கம்பெனிக்குரிய தீர்வை செலுத்தப்பட்டு, கப்பலேறிச் சென்னைக்கு வரும். இங்குள்ள உறவினரோ கூட்டாளியோ அதனை விற்று, அம்முதலைக் கொண்டே கோல்கொண்டா நாட்டு வயிரங்களை வாங்கி அனுப்புவர். கிருஷ்ணை நதிக்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கம் அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. பிரேசிலில் வயிரம் வெளிப்படும்வரை உலகிற்கு வயிரம் பெரும்பாலும் இந்தியாவினின்றே சென்றது. கைக்குள் அடங்கும் சரக்கு. வரும்போதும் ஊதியம், போகும்போதும் ஊதியம். இதனினும் சுருங்கிய மூட்டையில் இதனினும் பெரிய செல்வம் கடல் கடந்ததுண்டோ?

சென்னை நகரசபை 1688-ல் தொடங்கியபொழுது, அதன் பன்னிரண்டு ஆல்டர்மென்களுள் பர்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ தோ போர்த்தோ, அல்வாரோ த பொன்சேகா என்னும் மூவர் யூத வர்த்தகர் சார்பில் அமர்ந்தனர். அதே சபையில் நம் நாட்டு வணிகரும் உடனிருந்தனர். ஐரோப்பாவிற் பல நகரங்களில் யூதருக்குக் குடியிருப்பே மறுக்கப்பட்ட காலம் அது! கம்பெனியாரின் தயாள குணம் இதற்குக் காரணமென்று கொள்ளற்க; வர்த்தகர் இல்லையேல் தங்கள் துறைமுகம் இல்லையென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1709-ல் இங்கே இறந்த ஐசக் சார்தோ அபெந்தானா என்பார் வயிரப் பரீட்சையில் வல்லவர். கவர்னர் தாமஸ் பிட் அவருடைய ஆலோசனையைப் பெற்றவர். அந்தப் பிட் துரையே 1702-ல் நாற்பத்தெண்ணாயிரம் வராகனுக்கு நானூற்றுப் பத்துக் காரட் கல்லொன்றை வாங்கிப் பின் பிரான்ஸுக்கு விற்றுப் பெருஞ் செல்வரானவர்.

இத்துணைச் சிறப்புடன் இருந்தோர் ஏன் நிலைத்திலர்? கொச்சியை ஒப்பிட்டு நோக்குக. அங்கே கி.பி. 1000-ஐ ஒட்டிப் பாஸ்கர ரவிவர்மன் என்னும் அரசன் ஜோசப் ரப்பான் என்பார்க்கு வட்டெழுத்திற் செப்பேடு அளித்தான். 1568-ல் மட்டாஞ்சேரியில் அரண்மனைக்கு அருகே ஜெபாலயம் எழுந்தது. அந்நாட்டு மொழியே அவர்கள் வீட்டு மொழியாயிற்று. 1948-க்குப் பின் இஸ்ரவேல் சென்றவரும் மலையாளத்தை உடன் கொண்டே சென்றனர். சென்னையிலோ யூதருக்குக் கிடைத்தது வேரூன்றும் உரிமையன்று. வியாபார அனுமதி ஒன்றே. சில குடும்பத்தார் வருவர், பொருளீட்டுவர், மீள்வர். 1720-ஆம் ஆண்டுகளிற் பிரேசில் வயிரம் வெளிப்பட்டு விலை சரிந்தது. வர்த்தகம் தளரவே வர்த்தகரும் அருகினர்.

மீளாதார் இறந்தவரே. பெத்துநாயக்கன்பேட்டைத் தங்கசாலைத் தெருவில் அவர்களுக்கு ஓர் இடுகாடு இருந்தது. 1687-ல் இறந்த ஜாக் த பைவா என்னும் வயிர வணிகர் முதலானோர் அடக்கமான இடம் அதுவே. நகரம் பெருகியபோது அந்நிலமும் வேண்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் எஞ்சிய கற்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டன. இன்று ஔவை சண்முகம் சாலை எனப்படும் லாயிட்ஸ் சாலையில், ஒரு சிறு மதிலுக்குள், எபிரேய எழுத்துப் பொறித்த சில கற்கள் நிற்கின்றன.