தாரில் இறங்கும் இடங்கள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர். ஆடிப்பூரத் தேர் பார்க்க ஒருமுறையாவது பஸ் ஏறாமல், ரோட்டோரமாகவே போய்ச் சேர வேண்டும் என்பது சக்கர நாற்காலியில் இருக்கும் என் அக்காவின் ஆசை. அவளோடும் பார்வையில்லாத நண்பர் ஒருவரோடும் அந்த வழியைத் துண்டு துண்டாகப் போய்ப் பார்த்தோம். உங்கள் ஊர் வழியை இப்படிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

‘ரோடு நல்லாத்தான் இருக்கு’ என்று நடக்க முடிந்தவர்கள் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் நோட்டில் முதலில் குறிப்பது ஒன்றைத்தான்: எந்த இடத்தில், எதனால், ஓரத்தை விட்டு வண்டி ஓடும் தாரில் இறங்க வேண்டி வந்தது? நிறுத்தி வைத்த லோடு வேன், உடைந்த சாக்கடை மூடி, குவித்த மணல், கடை போர்டு, ஓரமே இல்லாத சிறுபாலம். 11 கிலோமீட்டர் நன்றாக இருந்தும், லாரி வரும்போது ஒதுங்க இடமில்லாத ஒரே ஒரு பாலம் இருந்தால் அக்காவின் பயணம் அங்கேயே முடிந்துவிடும். சாலையின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது பக்கம் போவதுதான் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பக்கம் ஓரம் இருக்கிறதா என்று பார்த்தால்தானே தெரியும்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. ஓர் அளவு டேப், நான்கடி மட்டப்பலகை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேட்டில் வைத்து, ரசமட்டம் சமமாகும் வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் நாலு அங்குலம் இடைவெளி இருந்தால் சரிவு 1:12. சாய்தளத்துக்கு விதிகள் அனுமதிக்கும் உச்சம் அதுதான். அதைத் தாண்டினால் தள்ளுபவரின் மூச்சு திணறும். இறங்கும்போது நாற்காலி கையை மீறும்.

பலரும் பார்க்காமல் விடுவது குறுக்குச் சரிவு. மழைத் தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி, ஓரத்தைச் சரித்துப் போடுவார்கள். “தம்பி, ரோடு என்னைப் பள்ளத்துப் பக்கமே இழுக்குதுடா” என்றாள் அக்கா. நாற்காலி நேராகப் போக ஒரு கையையே திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருந்தது. அதே பலகையைக் குறுக்கே வைத்தால் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளிதான் இருக்கலாம், அதாவது 1:50.

நண்பரின் சிரமம் வேறு மாதிரி. தரையில் இருப்பதை வெள்ளைக் கோல் கண்டுபிடித்துவிடும். முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் தகரத்தையும் சீமைக் கருவேலங்கிளையையும் கண்டுபிடிக்காது. 2.2 மீட்டர் உயரம் வரை எதுவும் தொங்கக் கூடாது. மங்கலாகப் பார்வை உள்ளவர்களுக்கு வெயிலின் திசையும் முக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடகிழக்கே இருப்பதால் காலையில் கிளம்பினால் கூச்சம் கண்ணிலேயே அடிக்கும்.

கழிப்பறையைப் பற்றிப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வழியில் போக முடியாதே என்று அக்கா காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்திருந்தாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து, வழியில் உள்ள ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் கழிப்பறைக்குப் படி இருக்கிறதா, கதவு 90 சென்டிமீட்டராவது திறக்கிறதா என்று அளந்து எழுதிவிடுகிறேன்.

மம்சாபுரம் வழியாகவும் ஒரு சாலை உண்டு. மாற்று வழி எதுவானாலும் வண்டி குறைவு என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிழலும், உதவிக்குக் கூப்பிட ஆளும், அகலமும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரண நாளில் ஒருமுறை, திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை பாருங்கள். கடை போட்ட பிறகு அதே தெரு வேறு தெருவாகிவிடும்.

குறித்த இடங்களைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுங்கள். இது யாரிடமும் கெஞ்சிக் கேட்கும் சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி சொல்கிறது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டப் பிரிவு 21 காக்கும் உரிமை என்றது. அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மனுவில் இந்த மூன்றையும் எழுதுங்கள்.

ஒரே மனுவாக எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஊருக்குள் உள்ள தெருக்கள் அந்தந்த நகராட்சிக்கு, மம்சாபுரம் தெருக்கள் பேரூராட்சிக்கு, இரண்டு ஊரையும் இணைக்கும் 744-ஆம் எண் சாலை தேசிய நெடுஞ்சாலைத் துறைக்கு என்று பிரித்து எழுதுங்கள். நகல்களை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மனுவோடு இணைக்கும் ஒவ்வொரு புகைப்படத்தின் பின்னாலும் தேதியையும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எழுதிவிட்டால், எந்த இடம் என்று அலுவலகத்தில் யாரும் கேட்க வேண்டியிராது.