கணக்கில் வராத கைகள்



மாநில அரசு தொழிலாளர் கொள்கை வகுக்கும்போது யாருடைய பேச்சைக் கேட்கிறது? முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அதிகாரிகள் என்று மூவரைச் சட்டென்று சொல்லிவிடுவோம். நான்காவதாகவும் ஓர் இடம் உண்டு. ஊதியம் பெறாமல் கணக்கெடுத்துக் கொடுக்கும் சிறு ஆலோசனை நிறுவனங்களும் ஓய்வுபெற்ற தொழில்நுட்பத்தாரும் அமரக்கூடிய இடம் அது. பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழர்களாகிய நமக்கு அந்த இடம் ஏன் முக்கியம் என்பதை நான்கு படிகளில் காண்போம்.

1. முன்னுதாரணம்

1996 ஆகஸ்டில் கேரளத்தில் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவாயிற்று. பஞ்சாயத்துகளிலிருந்து திட்டங்கள் வந்து குவிந்தன. அவற்றின் அளவையும் மதிப்பீட்டையும் சரிபார்க்க அரசுப் பொறியாளர்கள் மட்டும் போதவில்லை. எனவே ‘தன்னார்வத் தொழில்நுட்பப் படை’ ஒன்றை அமைத்து, ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் பிற வல்லுநர்களையும் அழைத்தார்கள். சம்பளம் இல்லை, பொறுப்பு உண்டு. ஓய்வுபெற்றவனின் அனுபவம் அரசுக்குப் பயன்படும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கிடைத்த சான்று இது.

2. எண்ணிக்கை

2013ஆம் ஆண்டில், குலாத்தி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனம் தொழிலாளர் துறைக்காக ஓர் ஆய்வு நடத்தியது. கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சத்துக்கு மேல் இருப்பதாக அது மதிப்பிட்டது. நெடுந்தூர ரயில்களில் வருவோரைக் கொண்டு செய்த கணக்கு அது. ரயில்வேயில் உழைத்தவன் என்ற முறையில் அந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. மூணாற்றுக்கு மேலே ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் 1924 வெள்ளத்தோடு போயிற்று. தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப்பில் வந்து திரும்பும் பெண்கள் ரயில் கணக்கில் எப்படி வருவார்கள்? கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாகப் பாலக்காட்டுக்குள் பஸ்ஸில் வருபவர்கள் நிலையும் அதுதான். இது ஆய்வாளர்களின் குறையன்று. எந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வெளியே நிற்பவர்களை எண்ண வேண்டியவர்கள் அந்த வட்டாரத்தில் வாழ்கிறவர்களே. கணக்கில் இல்லாதவருக்குத் திட்டத்தில் பணம் ஒதுக்குவார் இல்லை. ஜீப் கவிழ்ந்த பிறகுதான் அவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறுகிறது.

3. விகிதம்

2015 செப்டம்பரில் மூணாற்றில் தோட்டப் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் ஒன்பது நாட்கள் போராடினார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்களோ பெரும்பாலும் ஆண்கள். அந்தப் போராட்டத்தில் 20 சதவீத போனஸ் கிடைத்தது. அடுத்த மாதம் தோட்டத் தொழிலாளர் குழுவில் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.

ஆனால் கூலியை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 20 கிலோ கொழுந்துக்கு நாட்கூலி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி 130 ஆகிறது. அதே சமயம் எடுக்க வேண்டிய எடை 25 கிலோ ஆகிறது. கூலி ஏறியது 30 சதவீதம். கிலோவுக்கான கூலியோ 5 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 20 காசாக, வெறும் 4 சதவீதமே ஏறியிருக்கிறது. இந்த விகிதத்தைப் போட்டுக் காட்டப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சரிவான காட்டில், மழை மாதத்தில், ஒரு பெண் எட்டு மணி நேரத்தில் உண்மையில் எத்தனை கிலோ எடுக்கிறாள் என்று உடனிருந்து அளக்கும் பொறுமை வேண்டும். டிராலியில் போய்ப் பார்க்காமல் தண்டவாளத்தின் நிலையை எழுதுவது கூடாதல்லவா?

4. சட்டத்தில் உள்ள வாசல்

1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று, அரசு குழு அமைத்து விசாரிக்கலாம். அதில் முதலாளி, தொழிலாளி பிரதிநிதிகள் சம எண்ணிக்கையில் இருப்பர். சார்பற்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருக்கலாம். மற்றது, உத்தேசக் கூலியை அரசிதழில் வெளியிட்டுக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தந்து கருத்துக் கேட்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 8ஆம் பிரிவிலும் இவ்விரு வழிகளும் உள்ளன. எனவே சிறு குழுவும் உரிய காலத்தில் தன் கணக்கை அரசின் முன் வைக்கலாம். அரசிதழைப் படிப்பவர் இல்லாததால் அந்த இரண்டு மாதங்களும் வீணே கழிந்துவிடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இலவச ஆலோசனைக்கும் விலை இருக்கக்கூடும். இன்று சும்மா உதவும் நிறுவனம் நாளை அதே துறையில் ஒப்பந்தம் எதிர்பார்க்கலாம். ஆகவே தொண்டு செய்ய வருவோர் நான்கு விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். இரு தரப்பிலும் பணம் பெறலாகாது. முன்பு யாரிடம் பெற்றிருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணக்கெடுத்த முறையை, பிறர் திரும்பச் செய்து பார்க்கும்படி எழுத வேண்டும். முடிவை அரசுக்கு அனுப்பும் முன் லயத்தில் தமிழில் படித்துக் காட்டி, தொழிலாளர் சொல்லும் திருத்தங்களைச் சேர்க்க வேண்டும்.

நம் சங்கத்தில் மின்வாரியம், வங்கி, பள்ளி, ரயில்வே என்று பல துறைகளில் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறோம். ஒரு சோதனைச் சாவடி, ஒரு வாரம், விடியற்காலை மூன்று மணி நேரம்: எத்தனை ஜீப், ஜீப்புக்கு எத்தனை பேர், எந்த ஊர், என்ன கூலி என்று குறித்தாலே போதும். ஒரு நோட்டும் பென்சிலும் தவிர வேறு முதலீடு தேவையில்லை. விருப்பமுள்ள அன்பர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.