‘ங்க’ என்னும் சிற்றொலி: குழந்தைகள் மரியாதைச் சொல் கற்கும் விதம்

ஊசி போட வரும் செவிலியரைப் பார்த்து மூன்று வயதுக் குழந்தை, “நீ போ!” என்று கத்துகிறது. சுற்றியிருப்போர் முன்னிலையில் தாய் கூசிப்போகிறார். சில வேளைகளில் குழந்தைக்கு ஓர் அடியும் விழுகிறது. அக்குழந்தை செய்தது உண்மையில் அவமரியாதைதானா?

நாள் முழுதும் அதன் காதில் விழுபவை ‘வா’, ‘குடு’, ‘நீ சாப்பிடு’ என்னும் சொற்களே. தான் பெற்றதையே அது நமக்குத் திருப்பித் தருகிறது. ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’, ‘தேங்க் யூ’ எனத் தனிச்சொற்கள் உள்ளன. தமிழிலோ மரியாதை பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் அமைகிறது. ‘வா’ என்பது ‘வாங்க’ ஆகிறது; ‘வந்தான்’ என்பது ‘வந்தார்’ ஆகிறது. நம் கொங்கு வட்டாரத்தில் ‘சரிங்க’, ‘இல்லீங்க’, ‘ஏனுங்க’ எனப் பிற சொற்களோடும் ‘ங்க’ ஒட்டிக்கொள்கிறது. யாரிடம் எந்த ஈற்றைச் சொல்வது என்னும் உறவுக் கணக்கையும் குழந்தை சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது. அதற்குக் காலம் தேவை.

அமெரிக்க ஆய்வாளர்கள் எஸ்தர் கிரீஃப், ஜீன் பெர்கோ கிளீசன் ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், 22 சிறு குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்துக் கவனித்தனர். வணக்கம், நன்றி, விடைபெறுதல் ஆகிய மூன்றில், தூண்டாமல் மிகக் குறைவாக வந்தது நன்றிச் சொல்லே. பெற்றோர் எடுத்துக்கொடுத்த பின்னரே பலர் சொன்னார்கள். முதலில் சொல் பழகுகிறது; அதன் பொருள் பிறகே விளங்குகிறது. நான்கு வயதுக் குழந்தைகள் பெரியவர்களிடம் பேசுவதைவிட இரண்டு வயதுக் குழந்தையிடம் எளிய, சிறிய வாக்கியங்களில் பேசுவதை ஷாட்ஸ், கெல்மன் இருவரும் 1973இல் எடுத்துக்காட்டினர். கேட்பவருக்கு ஏற்பப் பேச்சை மாற்றும் திறன் அவ்வயதில் வெளிப்படுகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை:

1. குழந்தையிடமே ‘வாங்க தங்கம், சாப்பிடுங்க’ என்று பேசுங்கள். இங்குள்ள பல வீடுகளில் இவ்வழக்கம் முன்பே உண்டு.

2. அப்புச்சியிடம் ‘தண்ணி குடு’ என்று கேட்டால், ‘தண்ணி குடுங்கன்னு கேளு சாமி’ என்று அமைதியாகச் சொல்லிக்கொடுத்துத் தண்ணீரையும் தாருங்கள். சரியாகச் சொல்லும்வரை தாகத்தோடு நிறுத்தி வைக்க வேண்டாம்.

3. தறி ஓட்டுபவரிடமும் தூய்மைப் பணியாளரிடமும் நீங்கள் ‘ங்க’ சேர்த்துப் பேசுகிறீர்களா என்பதைக் குழந்தை கவனிக்கிறது. அறிவுரையைவிட அது ஆழப் பதியும்.

4. பல வீடுகளில் குழந்தைகள் அம்மாவை ‘நீ’ என்றே அழைக்கின்றனர். அது நெருக்கத்தின் அடையாளம். அதைத் தவறெனக் கண்டிக்க வேண்டியதில்லை.

வெள்ளகோவில் சுற்றுவட்டாரப் பெற்றோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். விசைத்தறிச் சத்தத்தின் நடுவே வளரும் குழந்தை உரக்கப் பேசுவது இயல்பு. அதைத் திமிர் என்று கருதலாகாது. ஆனால் அமைதியான இடத்தில் பின்னிருந்து அழைத்தும் குழந்தை அடிக்கடி திரும்பாவிட்டால், ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று கடிந்துகொள்ளும் முன் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கைச்சைகையோ இல்லை, 16 மாதத்திலும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதிலும் தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, முன்பு பேசிய சொற்களை இழந்துவிட்டது என்னும் நிலைகளில் ஒன்று இருந்தாலும் தாமதியாமல் குழந்தை நல மருத்துவரை அணுகுங்கள். ‘அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று காத்திருக்க வேண்டாம்.

மீண்டும் அந்த ஊசிக்கு வருவோம். ‘நீ போ’ என்னும் சொல்லுக்குள் இருப்பது அச்சம். அப்போது அடிக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் வேண்டாம். குழந்தையை அணைத்துக்கொண்டு, ‘வலிக்குதுங்க, மெதுவாப் போடுங்கன்னு சொல்லு’ என்று சொல்லித்தாருங்கள். மரியாதையோடு, தன் வலியைப் பிறருக்கு உணர்த்தும் சொல்லும் அதற்குக் கிடைத்துவிடும்.