சட்டம் இல்லாத இரவு

போடிநாயக்கனூர்

அன்பு மருமகனுக்கு,

'தி பர்ஜ்: அனார்க்கி' பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, ஆனாலும் மறுபடி பார்க்கத் தோன்றுகிறது, இது தப்பா என்று கேட்டிருந்தாய். தப்பில்லை மாப்ள. ஆனால் எது உன்னை இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்.

இந்தப் படங்களில், வருடத்தில் ஒரு ராத்திரி, மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை, கொலை உட்பட எந்தக் குற்றத்துக்கும் தண்டனை கிடையாது என்று ஓர் அரசாங்கமே சட்டம் போடுகிறது. போலீஸ் வராது, ஆம்புலன்ஸும் வராது. ஜேம்ஸ் டிமோனாக்கோ 2013-ல் எடுத்த முதல் படத்தில், கதவை அடைத்துக்கொண்ட ஒரு வசதியான குடும்பத்தின் பயம்தான் கதை. 2014-ல் வந்த, நீ பார்த்த இரண்டாம் பாகம், அடைத்துக்கொள்ள உறுதியான கதவு இல்லாதவர்களிடம் போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் ஒரு தாயும் மகளும், கார் நின்றுபோன ஒரு தம்பதியும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இரவு யாரைக் கழித்துக்கட்ட ஏற்பட்டது என்பது இங்கேதான் விளங்குகிறது. நோயில் கிடக்கும் ஒரு கிழவர், மகளுக்கும் பேத்திக்கும் பணம் சேரட்டும் என்று, கொன்றுகொள்ளச் சொல்லி ஒரு பணக்காரக் குடும்பத்துக்குத் தன்னையே விற்கிறார். பிடித்துவந்த மனிதர்களை மேடையில் நிறுத்தி ஏலம் விடுகிறார்கள், எடுத்தவர்கள் வேட்டையாடுகிறார்கள். நம் ஊர் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் ஏலக்காய்க்கு விலை ஏறுவதை அறிந்து வளர்ந்தவன் நீ. விலை கேட்கும் அந்தச் சாவகாசம் மனிதர்மேல் திரும்பும்போது, கத்தியைவிட அதிகமாகக் குலை நடுங்குகிறது.

அமெரிக்கக் கற்பனை என்று இதைத் தள்ளிவிட நம்மால் முடியாது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது, இடுக்கித் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் தாக்குதலுக்குப் பயந்து மலையிறங்கி ஓடிவந்தன. இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளை நம் ஆட்களே அடித்து நொறுக்கினார்கள். படத்தில் வருவதுபோல் யாரும் சைரன் ஊதி அனுமதி தரவில்லை. கோபமும் வதந்தியும் போதுமாயிருந்தன.

படத்தில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. அந்தத் தாயையும் மகளையும் தம்பதியையும் காப்பாற்றக் கூடவே வரும் சார்ஜென்ட், ஏலம் எடுத்தவர்களைச் சுட்டுத் தள்ளும்போது நமக்கும் கைதட்டத் தோன்றுகிறது. உள்ளே இருக்கும் வெறியைக் கொட்டித் தீர்த்தால் மனசு சுத்தமாகும் என்று அந்த அரசாங்கம் சொல்வதை, அந்த நிமிடம் நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே சார்ஜென்ட், குடித்துவிட்டு வண்டியோட்டித் தன் மகனைக் கொன்றவனின் வீடுவரை போய், கொல்லாமல் திரும்புகிறான். விடியும் நேரத்தில் இவன் உயிரைக் காப்பாற்றுவதும் அந்த மனிதன்தான். ரத்தத்துக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசியைக்கூட இயக்குநர் இதற்குக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

மறுபடி பார். எந்தெந்த இடத்தில் உன் கை தட்டப் போனது என்று எனக்கு எழுது. அதற்கு முன்னால் அம்மாச்சியிடம் 2011-ஐப் பற்றிக் கேள். அப்போது அவர் இடுக்கியில் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
மாமா