பிக்கப் வண்டியின் பின் ஆக்சில்: பாண்டுப்வாசிகளுக்குச் சில குறிப்புகள்

பாண்டுப் மேற்கில் எல்.பி.எஸ். சாலையைத் தாண்டி மலைப்பக்கம் போனால் டெம்பிபாடா, ஹனுமான் நகர், கிண்டிபாடா என்று சந்து குறுகிக்கொண்டே போகும். ஏற்றம் கூடிக்கொண்டே போகும். அங்கே தண்ணீர் கேனும் சிமெண்ட் மூட்டையும் கல்யாணப் பாத்திரமும் ஏறுவது டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி வண்டிகளில்தான். வீட்டு வருமானமே அந்த ஒரு வண்டியை நம்பி இருக்கிற குடும்பங்கள் நம்மில் உண்டு. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூடப் பின்னால் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கைக் குனிந்து பார்ப்பதில்லை. அதுவோ பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும்.

1. சத்தம் வருகிறது என்று மட்டும் மிஸ்திரியிடம் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் என்றால் கிரவுன் பினியன் பல் தேய்ந்திருக்கலாம், அல்லது செட்டிங் சரியில்லை. காலை எடுத்ததும் ஊளையிட்டால் பினியன் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி, வேகத்தோடு கூடும் இரைச்சல் என்றால் வீல் பேரிங்கையோ டயரையோ பாருங்கள். இதில் டயரைக் கண்டுபிடிப்பது மும்பையில் சுலபம்: தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அது டயர்தான். திரும்பும்போது மட்டும் கடகடவென்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன்மேல் சந்தேகப்படலாம். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டுமே, அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது அந்தச் சின்னப் பற்சக்கரங்கள்தான். கவனித்துக் கேட்க விடிகாலை ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் காலி வண்டியை ஓட்டிப் பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு.

2. கிளட்சை விடும்போதோ, ரிவர்சிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போதோ அடியில் 'டக்' என்று அடித்தால் முதலில் புரொப்பல்லர் ஷாப்டின் கிராஸைப் பாருங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினால் கிராஸில் ஆட்டம் தெரியும். மூடித் தொப்பியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கிராஸ் மலிவு. அது ஓட்டத்தில் உடைந்து ஷாப்ட் ரோட்டில் இழுபட்டால் வருகிற செலவு மலிவல்ல.

3. ஷாப்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு பக்க ஃபிளேஞ்சிலும் நேருக்கு நேர் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரும். பிறகு வீல் பேலன்சிங் செய்து பணத்தை வீணடிப்பீர்கள். இரண்டு துண்டு ஷாப்ட் உள்ள வண்டியில் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்தாலும் இதே அதிர்வுதான்.

4. ஆயிலில் சிக்கனம் வேண்டாம். கிரவுன் பினியனுக்குப் பொதுவாக ஜி.எல்.5 தர கியர் ஆயில் வேண்டும். கந்தக வாடை தூக்கலாக அடிக்கும். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கம்பெனி புத்தகத்தைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பல கியர் பாக்ஸ்களுக்கு ஜி.எல்.4தான் சொல்லியிருப்பார்கள்.

5. ஹவுசிங்கில் மேலே ஒரு பிளக், கீழே ஒரு பிளக். முதலில் மேல் பிளக்கைத் திறக்க வேண்டும். அது துருவில் இறுகிக்கொண்டு திறக்கவில்லை என்றால் கீழே திறந்து ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். கீழ்ப் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மை போல வழுக்கினால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கு வந்தால் மூடாதீர்கள், ஹவுசிங்கை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது. புது ஆயிலைப் பொதுவாக மேல் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்ற வேண்டும், அதுவும் வண்டி சமதரையில் நிற்கும்போது. நம் சந்துச் சரிவில் நிறுத்தி ஊற்றினால் அளவு தப்பும்.

6. மழைக்காலம்தான் பெரிய சோதனை. 2005 ஜூலை 26-ஐ மறந்தவர் இங்கே இல்லை; சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாள்தான் வேண்டும் என்பதில்லை. குர்லாவிலோ, மாட்டுங்கா காந்தி மார்க்கெட்டிலோ முட்டளவு தண்ணீரில் ஒருமுறை போனாலே போதும். ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்; பிரீதர் என்னும் காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் மேல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் அன்றே வடித்து மாற்றுங்கள். அடுத்த சர்வீஸ் வரை என்று தள்ளினால் பேரிங்கில் துரு குழி விழும். ஊளை அப்புறம் வரும்.

7. பினியன் சீல் மாற்றினேன், மறுபடி ஒழுகுகிறது, மறுபடி மாற்றினேன் என்கிறவர்கள் ஆக்சில் மேலே இருக்கும் அந்தச் சின்னப் பிரீதரைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். அநேகமாக இருக்காது. சேற்றால் அது அடைபட்டால் சூட்டில் விரியும் காற்று சீல் வழியாகத்தான் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கம்பித் தூரிகையும் கொஞ்சம் டீசலும் போதும்.

8. ஒரு பின் சக்கரத்தின் உள்பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தால் ஆக்சில் சீல் போயிருக்கலாம். ஆயில் பிரேக் டிரம்முக்குள் போகும். நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது பழக்கமாகிவிட்டது. ஏற்றத்தில் குடியிருக்கிற நாம் அதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. லைனரை மாற்றச் சொல்லுங்கள்.

9. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது.

10. ஒரு பின் சக்கரம் சேற்றில் மாட்டிச் சுழன்றால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்டார் பினியன் மிக வேகமாகச் சுற்றும். சுழலும் சக்கரம் சட்டென்று தரையைப் பிடிக்கிற நொடியில் பல் உடையலாம், ஆக்சிலும் முறியலாம். சாக்கோ ஜல்லியோ போட்டு மெதுவாக எடுங்கள். அதே காரணத்தால் பின்னால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை டயர் என்று ஓட்டவும் வேண்டாம். நேர் ரோட்டில்கூட அந்தப் பினியனுக்கு ஓய்வு இருக்காது.

11. பாரம். ஸ்பிரிங் பிளேட் சேர்த்துவிட்டால் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிளேட் சேர்ப்பதால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். கிரவுன் பினியன் அதே பழைய கிரவுன் பினியன். மாட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் 2,000.

12. பழுதான வண்டியைப் பின் சக்கரம் ரோட்டில் உருள நெடுந்தூரம் கட்டி இழுக்க வேண்டுமானால் புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது பல கியர் பாக்ஸ்களில் ஆயில் மேலே தெறிக்காது. வெளி ஷாப்ட் மட்டும் வறண்டு சுற்றும்.

13. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய கிரவுன் பினியன் வாங்கப் போனால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகியவை. ஜோடியை அடையாளம் காணப் பொதுவாக இரண்டிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். துணியால் துடைத்து அந்த எண்ணைப் பாருங்கள். பற்களையும் எண்ணுங்கள்: கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் விகிதம் 4.1. பழையதில் வேறு விகிதம் இருந்தால் ஏற்றத்தில் இழுவையும் மாறும், மீட்டர் காட்டும் வேகமும் தப்பலாம். பூட்டும்போது பல்லில் மார்க்கிங் பூசிச் சுற்றிப் பார்க்காத மிஸ்திரியிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

14. கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. கியரில் போட்டிருக்கிறேன், வண்டி நகராது என்று நம்பிச் சரிவில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்காதீர்கள். டிஃபரன்ஷியலின் வேலையே இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்ற விடுவதுதான். தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற, தரையில் உள்ளது தாராளமாக உருளும். ஹேண்ட் பிரேக் இழுத்து, முன் சக்கரங்களுக்கு இறக்கத்துப் பக்கம் கல் வைத்து, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கீழே தலையை நுழையுங்கள்.