மூச்சுத் தசை தளரும்போது: எம்.என்.டி. உள்ள அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் முறை

மோட்டார் நியூரான் நோய், அதாவது எம்.என்.டி. வந்தவர்களில் பலரிடம் கை மெலிவதும் நடை தடுமாறுவதும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாக முடிவது மூச்சுத் தசைகளின் தளர்ச்சி. நுரையீரல் என்ற துருத்தியில் ஓட்டை இல்லை, அதை இயக்கும் கைதான் ஓய்ந்துபோகிறது. உதரவிதானம் தளர்ந்தால் காற்று போதுமான அளவு உள்ளே போகாது. வயிற்றுத் தசை தளர்ந்தால் இருமிச் சளியைத் துப்ப முடியாது. இரண்டுக்கும் தனித்தனி உதவி உண்டு. அதை எப்போது தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

1. இரவைக் கவனியுங்கள்

தளர்ச்சி முதலில் தூக்கத்தில்தான் தலைகாட்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணை ஒவ்வொன்றாகக் கூடுவது, அடிக்கடி விழிப்பது, காலையில் தலைவலி, பகலில் நாற்காலியிலேயே தூங்கி வழிவது, குரல் மெலிவது ஆகியவற்றை வயதின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். இரவில் கரியமில வாயு உடலில் தேங்குவதன் அறிகுறியாக இவை இருக்கலாம். வாரம் ஒருமுறை, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூச்சுப் பரிசோதனை

நரம்பியல் மருத்துவரோடு நுரையீரல் மருத்துவரும் பார்க்க வேண்டிய நோய் இது. ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் எஃப்.வி.சி., அதாவது முழுக்க இழுத்து வேகமாக வெளிவிடும் காற்றின் அளவைக் கேளுங்கள். அது இருக்க வேண்டிய அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, அறிகுறிகளோடு 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ மூச்சுக் கருவி பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94 அல்லது அதற்குக் கீழே காட்டினால், ரத்தத்தில் கரியமில வாயுவை அளக்கும் ஏ.பி.ஜி. பரிசோதனை தேவைப்படும்.

3. பைபேப் கருவியைப் பழக்குங்கள்

மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி, தளர்ந்த தசைக்கு ஓய்வு தரும் கருவி பைபேப். தொண்டைத் தசை அதிகம் பாதிக்கப்படாதவர்களுக்கு இது சராசரியாக ஏழு மாதம் வரை ஆயுளைக் கூட்டுவதாக 2006-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. தூக்கமும் தெளிவாகும். முதல் நாளே இரவு முழுக்கப் போடச் சொன்னால் பிடுங்கி எறிவார்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழக்கி, பிறகு இரவுக்கு நீட்டுங்கள். மூக்குத் தண்டில் புண் வருகிறதா என்று தினமும் பாருங்கள்.

4. ஆக்ஸிஜன் சிலிண்டரை நீங்களாகத் திறக்காதீர்கள்

மூச்சு வாங்கினால் ஆக்ஸிஜன் வைப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. இங்கே அது ஆபத்தாகலாம். ஆக்ஸிமீட்டரில் எண் ஏறும், ஆனால் கரியமில வாயு வெளியேறாமல் கூடி, ஆள் மயக்கத்தில் ஆழ்ந்துவிடலாம். தூக்க மாத்திரையும் மூச்சை மந்தமாக்கும். இரண்டையும் மருத்துவர் சொல்லாமல் தரக்கூடாது.

5. இருமலுக்குக் கைகொடுங்கள்

நிமிர்த்தி உட்கார வையுங்கள். மூச்சை இழுத்து, வெளியே விடாமல் அதன்மேல் இன்னொன்று, மேலும் ஒன்று என்று அடுக்கச் சொல்லுங்கள். பிறகு பலமாக இருமும் அதே நொடியில், விலாவுக்குக் கீழே மேல்வயிற்றில் உள்ளங்கைகளை வைத்து உள்நோக்கி, மேல்நோக்கி அழுத்துங்கள். சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்ற பிறகே தொடங்குங்கள். இதுவும் போதாதபோது காஃப் அசிஸ்ட் என்ற கருவி பற்றிக் கேளுங்கள். வாயில் சேரும் எச்சிலை எடுக்கச் சிறிய சக்‌ஷன் மெஷின் போதும்.

6. எச்சிலும் சளியும் வேறுவேறு

நீர்த்து ஒழுகும் எச்சிலைக் குறைக்க மாத்திரை உண்டு. ஆனால் அளவு மீறினால் சளி இறுகி ஒட்டிக்கொள்ளும். இறுகிய சளிக்குத் தண்ணீரும், மருத்துவர் சொன்னால் உப்புநீர் நெபுலைசரும் உதவும். கையில் பலம் இல்லாதவரைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் ஆவி பிடிக்க உட்கார வைக்காதீர்கள். சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால், காய்ச்சல் வந்தால், மூச்சு வேகமானால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

7. புரையேறாமல் ஊட்டுங்கள்

முழுக்க நிமிர்த்தி, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு வாயாக ஊட்டுங்கள். வெறும் தண்ணீரைவிடக் கூழ்ப் பதம் பலருக்கு எளிதாக இறங்கும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். எடை குறைந்தால், வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பது பற்றிப் பேசுங்கள். எஃப்.வி.சி. 50 சதவீதத்துக்குக் கீழே போகுமுன் செய்வது பாதுகாப்பானது.

8. மின்வெட்டுக்குத் தயாராக இருங்கள்

பைபேப்புக்கு பேட்டரியோ இன்வெர்ட்டரோ கட்டாயம். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் ஒன்றை வாங்கி, வீட்டில் இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள். நோயின் பெயர், மருந்துகள், ‘ஆக்ஸிஜன் மட்டும் தர வேண்டாம், பைபேப் தேவை’ என்ற மருத்துவர் குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். 108 ஆம்புலன்சில் வருபவரிடம் முதலில் அதைக் கொடுங்கள்.

9. அவர்களிடமே கேளுங்கள்

தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைப்பதா, வேண்டாமா என்பதை மூச்சு திணறும் நள்ளிரவில் முடிவு செய்யக் கூடாது. பேச்சு இருக்கும்போதே அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள். முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்பத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும். திணறலைத் தணிக்கக் குறைந்த அளவு மார்ஃபின் போன்ற மருந்துகள் உண்டு. வலி நிவாரணச் சிகிச்சை மருத்துவர் அளவறிந்து தருவார், அஞ்ச வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நடையையும் கையையும் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். “மூச்சுப் பரிசோதனை எப்போது?” என்று நீங்களே கேளுங்கள்.